பதினெட்டு வயதுக்குப் பின்: இல்லங்களிலிருந்து வெளியேறும் எல்லைப்புற இளைஞர்களும் மாற்றுக் கல்வியும்

பெற்றோரின் அரவணைப்பில் வளரும் ஒருவனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள் மற்றொரு நாளே. அன்றும் அவனுக்கு உண்ண உணவும் உறங்க இடமும் உண்டு. மறுநாள் காலையில் படிப்பைத் தொடரலாம். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவனுக்கோ அந்த நாளோடு ஒரு காலம் முடிவடைகிறது. உணவு, உறைவிடம், பள்ளி, மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் அதுவரை பொறுப்பேற்றிருந்த அமைப்பு, சட்டப்படி தன் கடமையை முடித்துக்கொள்கிறது. அதன்பின் அவன் கற்கவேண்டியவற்றை யார் கற்பிப்பது என்னும் வினாவுக்கு நமது நலத்திட்டங்கள் இன்னும் முழுமையான விடை காணவில்லை.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறப் பகுதிகளில் இந்த வினா கூடுதல் கூர்மை பெறுகிறது. இரு மாநிலங்களுக்கும் இரு மொழிகளுக்கும் இடையில் வாழும் இளைஞர்களுக்கு உதவித்தொகை மட்டும் போதுமானதன்று. பள்ளி வகுப்பை அடிப்படையாகக் கொள்ளாமல், வாழ்க்கையின் படிகளை அடிப்படையாகக் கொண்ட ஒரு மாற்றுக் கல்வி அவர்களுக்குத் தேவை. அக்கல்வி, அவர்கள் இல்லத்தைவிட்டு வெளியேறும் நாளுக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்க வேண்டும்.

எல்லைப்புறத்தின் இயல்பு

பாலக்காடும் இடுக்கியும் தமிழகத்தோடு நீண்ட எல்லையைக் கொண்ட மாவட்டங்கள். பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சிற்றூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். வடக்கே அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் உள்ளனர். இருளரின் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. ஆனைகட்டியைக் கடந்தால் கோயம்புத்தூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது.

இடுக்கி 1972 ஜனவரி 26 அன்று தனி மாவட்டமாக உருவாக்கப்பட்டது. அதன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள். உடும்பன்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், போடி பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் தொழிலாளர் சென்று திரும்புகின்றனர். குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் அரசு வரைபடத்தில் எல்லைச் சாவடிகள்; அங்குள்ள குடும்பங்களுக்கோ அன்றாட வழிகள்.

இத்தகைய பகுதிகளிலிருந்து இல்லங்களுக்கு வந்துசேரும் குழந்தைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தோர் ஒரு பகுதியினரே. தந்தை இறந்த பின் தாய் வேலைக்காக வேறிடம் சென்றதாலும், குடிப்பழக்கத்தால் குடும்பம் சிதைந்ததாலும், வீட்டருகே பள்ளி இல்லாததாலும் வருவோர் உள்ளனர். தொலைதூரக் குடியிருப்புகளுக்கெனக் கேரளத்தில் 1997 முதல் நடைபெற்ற ஓராசிரியர் கற்றல் மையங்கள் 2022இல் மூடப்பட்டன. அத்தகைய மலைக் குடியிருப்புகளின் குழந்தைகளுக்குக் கல்வி என்பது பெரும்பாலும் விடுதி வாழ்வையே குறிக்கிறது. 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலக்குடியின் நிலையும் இதற்கு விலக்கன்று.

சட்டம் கூறுவது

இல்லத்தைவிட்டு வெளியேறுவோர் பற்றிய அக்கறை இந்தியாவுக்குப் புதிதன்று. 1953இல் அமைக்கப்பட்ட மத்திய சமூக நல வாரியம், பிற்காப்புப் பணிகளை ஆராய்வதற்கென ஒரு குழுவை நியமித்தது. பேராசிரியர் எம். எஸ். கோரே அக்குழுவின் தலைவராக இருந்தார். 1986இன் இளைஞர் நீதிச் சட்டமும் 2000இன் சட்டமும் பிற்காப்பு அமைப்புகளுக்கு இடமளித்தன. 1986இன் சட்டம் ஆண் குழந்தைக்கு 16 வயதையும் பெண் குழந்தைக்கு 18 வயதையும் எல்லையாக வகுத்தது. 2000இன் சட்டமே இருவருக்கும் 18 என்று ஒரே எல்லையை நிறுவியது.

இப்போது நடைமுறையிலுள்ள 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிறைந்து 21 வயது நிறையாதவர்களுக்கு அளிக்கப்படும் பண உதவியையும் பிற உதவிகளையும் பிற்காப்பு என வரையறுக்கிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, இதற்கென ஒருவருக்குத் திங்கள்தோறும் 4,000 ரூபாய் வழங்க வகையுண்டு. தேவைப்படின் இவ்வுதவியை 23 வயது வரை நீட்டிக்கவும் இடமுண்டு.

இந்த ஏற்பாட்டில் மூன்று இடைவெளிகளைக் காணலாம். முதலாவது, சட்டத்தின் 46ஆம் பிரிவு உதவி ‘வழங்கப்படலாம்’ என்று கூறுகிறதேயன்றி, ‘வழங்கப்பட வேண்டும்’ என்று கூறவில்லை. இரண்டாவது, அப்பிரிவு குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வெளியேறுவோரையே பெயர் சுட்டிக் கூறுகிறது. வளர்ப்புக் குடும்பத்தில் வாழ்ந்தவர் அதில் தனியே குறிப்பிடப்படவில்லை. பழங்குடியினர் மாணவர் விடுதி கல்வித் துணைக்கான ஏற்பாடாகவே கருதப்படுவதால், அங்கிருந்து வெளியேறுபவரும் இந்த வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை. மூவருக்கும் ஏற்படும் இழப்பு ஒன்றே. கிடைக்கும் உதவியோ வேறுபடுகிறது.

மூன்றாவது இடைவெளி காலத்தைப் பற்றியது. 2016இன் மாதிரி விதிகளின்படி, குழந்தை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் பிற்காப்புத் திட்டம் தயாரிக்கப்பட்டுக் குழந்தைகள் நலக் குழுவிடம் அளிக்கப்பட வேண்டும். ஒரு விண்ணப்பத்தை நிறைவு செய்ய இரண்டு மாதங்கள் போதும். ஓர் இளைஞன் தனித்து வாழக் கற்றுக்கொள்ள அவை போதுமா?

வீடு, சான்றிதழ், மொழி

எல்லைப்புற இளைஞர்கள் எதிர்கொள்ளும் தடைகளுள் முதன்மையானது வீடு. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகள் அவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்படி நிர்வாகம் அளித்துவந்த அவ்வீடுகள் வேலையோடு பிணைக்கப்பட்டவை. தாயோ தந்தையோ ஓய்வு பெற்றால் வீட்டையும் விட்டு வெளியேற நேரிடுகிறது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது, வேலையோடு கூலியும் நின்றது. பழுது பார்ப்பாரின்றி லயங்களும் சிதைந்தன. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டனர். ஒரே இரவில் வீடும் உறவும் அற்றுப்போகக்கூடும் என்பதை அத்துயரம் நாட்டுக்கு உணர்த்தியது.

‘குடும்பத்தோடு மீண்டும் இணைத்தல்’ என்று கோப்புகளில் எழுதுவது எளிது. ஆனால் திரும்பிச் செல்லும் வீடு மற்றொருவருடைய வேலையைச் சார்ந்திருக்கும்போது, அந்த இணைப்பு எத்தனை நாள் நிலைக்கும் என்பதையும் திட்டமிடுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது தடை சான்றிதழ். அட்டவணைச் சாதியினருக்கான அரசமைப்பு ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியிடப்பட்டது. ஒரு குடும்பம் அந்நாளில் எந்த மாநிலப் பகுதியில் நிலையாக வாழ்ந்தது என்பதைப் பொறுத்தே சாதிச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குச் சென்றோரின் பேரப்பிள்ளைகள், தம் பாட்டனாரின் இருப்பிடத்தை நிறுவும் ஆவணங்களைத் தேடவேண்டியுள்ளது. பெற்றோருடன் வாழ்வோருக்கே இது கடினம். ஐந்து வயதில் இல்லத்துக்கு வந்த ஒரு பெண், பதினெட்டு வயதில் கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டனாரின் ஊரைத் தேடுவது எங்ஙனம்?

மூன்றாவது தடை மொழி. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யவேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு கூறுகிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. எனினும் வீட்டில் தமிழ் அல்லது இருள மொழி பேசிய குழந்தை, மலையாளவழி இல்லத்தில் சேர்க்கப்பட்டால், புதிய மொழியைக் கற்பதிலேயே ஓரிரு ஆண்டுகளைச் செலவிட நேர்கிறது. அதனால் வகுப்பில் பின்தங்குகிறது. பதினேழு வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கவேண்டிய அக்குழந்தை, பதினெட்டில் பத்தாம் வகுப்பையே எட்டியிருக்கும். கல்வியாண்டின் நடுவில் பிறந்தநாள் வந்துவிட்டால், படிப்பும் நடுவிலேயே நின்றுபோகும் அபாயம் உண்டு.

மாற்றுக் கல்வியின் மரபு

மாற்றுக் கல்வி என்பது குறைந்த தரமுள்ள கல்வி அன்று; பள்ளியில் தோற்றவர்களுக்கான ஒதுக்கிடமும் அன்று. கற்பவரின் வயது, மொழி, தொழில், வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றுக்கேற்பக் கற்பிக்கும் முறையையும் வேகத்தையும் மாற்றியமைப்பதே அதன் பொருள். இதற்கு இந்நாட்டில் நல்ல மரபு உண்டு. 1937 அக்டோபரில் வார்தாவில் நடைபெற்ற மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியே மொழியையும் கணக்கையும் சமூக அறிவையும் கற்பிக்க முயன்றது.

அந்நெறியில் வந்த நிறுவனங்களுள் ஒன்று, மலைகளுக்கு இப்பாலுள்ள காந்திகிராமம். 1947இல் டாக்டர் சௌந்திரமும் கேரளத்தைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய அதன் வளாகத்தில், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லமும் மருத்துவமனையும் கைத்தொழில்களும் பள்ளிகளும் அருகருகே வளர்ந்தன. இல்லத்தில் வளர்பவர், உழைக்கும் உலகத்தை நாள்தோறும் கண்டு பழகுவதற்கு அத்தகைய அமைப்பு வாய்ப்பளிக்கிறது. சுற்றுச்சுவருக்குள் முடங்கிய இல்லத்தில் அவ்வாய்ப்பு இல்லை.

அட்டப்பாடியில் அகளிக்கு அருகே, ஆசிரியத் தம்பதியரான கோபாலகிருஷ்ணனும் விஜயலட்சுமியும் உருவாக்கிய ‘சாரங்’, வறண்ட மலைச்சரிவை மீட்கும் பணியையே பாடமாகக் கொண்டது. வயநாட்டில் நடவயலை அடுத்து, மறைந்த எழுத்தாளர் கே. ஜே. பேபி நிறுவிய ‘கனவு’, பழங்குடிக் குழந்தைகளோடு தங்கி வாழ்ந்து கற்பித்த பள்ளி. பின்னாளில் அதன் பொறுப்பு அங்குப் பயின்ற மூத்த மாணவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. இவை பிற்காப்பு நிறுவனங்கள் அல்ல. ஆயினும் பிற்காப்புக்கு வேண்டிய ஒரு பாடத்தை இவை அளிக்கின்றன. பொறுப்பு ஒரே நாளில் கைமாறுவதன்று. சிறிது சிறிதாகக் கற்பவரின் கைக்கு வருவதே முறை.

திறந்திருக்கும் வழிகள்

இடையில் நின்ற படிப்பைத் தொடர இரு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் ஒரு சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 1989இல் தன்னாட்சி பெற்று, 2002இல் இப்பெயரை ஏற்ற இந்நிறுவனத்தின் பத்தாம் வகுப்பில் 14 வயது நிறைந்தவர்கள் சேரலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்லாப் பாடங்களையும் ஒரே தேர்வில் முடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். பகலில் தொழில் பழகுபவருக்கு இது பேருதவி.

மற்றொன்று, கேரள மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் நடத்தும் சமநிலைக் கல்வி. 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட மாநிலத்தில், அந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக வளர்ந்தது இது. உள்ளூர் மையங்களில் விடுமுறை நாட்களில் வகுப்புகள் நடைபெறுவதால், வேலைக்குச் செல்வோருக்கு இது ஏற்றது. இதன் பத்தாம் வகுப்பில் 17 வயது நிறைந்தவர்கள் சேரலாம். மேல்நிலை வகுப்பிலோ 22 வயது நிறைந்தவர்களே சேர முடியும்.

இந்த வயது வரம்பைப் பிற்காப்பின் வரம்போடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பிற்காப்பு 21இல் முடிவடைகிறது. நீட்டித்தாலும் 23க்கு மேல் இல்லை. எனவே 18 வயதில் சமநிலைக் கல்வியின் வழியே பத்தாம் வகுப்பில் தேறிய ஒருவர், அதே வழியில் மேல்நிலைப் படிப்பைத் தொடர விரும்பினால், உதவித்தொகை கிடைக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்க நேரிடும். அவருக்குத் திறந்தநிலைப் பள்ளியே பொருத்தமான வழி. இத்தகைய செய்தியைத் தக்க நேரத்தில் எடுத்துக்கூறும் ஓர் அலுவலர், சில வேளைகளில் உதவித்தொகையைக் காட்டிலும் அதிகப் பயன் தருகிறார்.

தொழிற்பயிற்சியிலும் இதே கவனம் தேவை. தொழிற்பயிற்சி நிலையங்கள், 1961இன் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் அமையும் பயிற்சிகள், ஊரகக் குடும்பங்களின் இளைஞர்களுக்காக 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமீண கௌசல்ய யோஜனா ஆகியவை வெவ்வேறு துறைகளின் பொறுப்பில் உள்ளவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பமும் ஆவணமும் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இல்லாதவருக்கு இவற்றை ஒருங்கிணைத்துக் காட்டும் கை ஒன்று தேவை.

பதினைந்தில் தொடங்கும் பாடத்திட்டம்

இந்த மாற்றுக் கல்வி பதினைந்து வயதளவில் தொடங்குவதே நன்று. முதல் ஆண்டில் ஆவணங்களைத் திரட்டலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, பெற்றோரின் தோட்ட வேலைப் பதிவுகள், பூர்வீக ஊர் பற்றிய குறிப்புகள் ஆகியவற்றை மாணவரே அலுவலரோடு சென்று பெறும்போது, அதுவே குடிமைப் பாடமாகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதப் பழகுவது எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாத மொழிப் பயிற்சியாகும்.

இரண்டாம் ஆண்டில் பணத்தைக் கையாளப் பழகலாம். ஒரு திங்களுக்குரிய 4,000 ரூபாயை அறை வாடகை, உணவு, பயணம், மருந்து என்று பகுத்துப் பார்த்தாலே, கோயம்புத்தூரில் வாழ்வதற்கும் அகளியில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு புலப்படும். கூலிச் சீட்டைப் படித்தல், வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதி ஆகியவற்றின் பொருளை அறிதல், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் படித்தல் ஆகியவை இதில் அடங்கும். மலையாளம் மட்டும் எழுதத் தெரிந்தவருக்குத் தமிழும், தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மலையாளமும் இப்பருவத்தில் கற்பிக்கப்பட வேண்டும். எல்லையின் இருபுறமும் வேலை தேடக்கூடியவருக்கு இருமொழி அறிவு ஒரு மூலதனம்.

மூன்றாம் ஆண்டில் தனித்து வாழும் பயிற்சி இடம்பெற வேண்டும். விடுமுறை நாட்களில் உறவினர் வீட்டிலோ வளர்ப்புக் குடும்பத்திலோ தங்குதல், தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்தல், மருத்துவமனைக்குத் தனியே செல்லுதல் ஆகியவற்றை இல்லத்தின் துணை உள்ளபோதே பழகினால், தவறு நேர்ந்தாலும் திருத்திக்கொள்ள இடமுண்டு. வெளியேறிய பின் நேரும் தவறுக்கு அந்த வாய்ப்பு அரிது.

வெளிநாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பராமரிப்பிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஆலோசகரையும் எழுத்து வடிவிலான வாழ்க்கைத் திட்டத்தையும் கட்டாயமாக்கியது. 2017இன் சட்டம், விரும்பும் அனைவருக்கும் அந்த ஆலோசகரின் துணையை 25 வயது வரை நீட்டித்தது. அமெரிக்காவில் 2008இன் சட்டம், வளர்ப்புப் பராமரிப்பை 21 வயது வரை தொடர விரும்பும் மாநிலங்களுக்கு மத்திய நிதி கிடைக்க வழி செய்தது. செல்வ நாடுகளின் செலவை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது. ஆனால் பணத்தோடு ஒரு மனிதரின் துணையும் வேண்டும் என்னும் கருத்தை ஏற்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

செய்யத்தக்கவை

இம்மாவட்டங்களில் உடனடியாகச் செய்யத்தக்கவை சில உள்ளன. பிற்காப்புத் திட்டத்தைத் தயாரிக்கும் காலத்தை இரண்டு மாதங்களிலிருந்து மூன்று ஆண்டுகளாக உயர்த்துவதற்கு விதி குறுக்கே நிற்கவில்லை. விதி கூறுவது கடைசிக் கெடுவையே. முன்னரே தொடங்குவது அலுவலரின் முயற்சியைப் பொறுத்தது. கல்வியாண்டின் நடுவில் 18 வயது நிறைபவர் அவ்வாண்டின் தேர்வு முடியும் வரை உறைவிடம் இழக்காதபடி, குழந்தைகள் நலக் குழு உரிய காலத்தில் ஏற்பாடு செய்தல் வேண்டும். விடுதியிலிருந்தும் வளர்ப்புக் குடும்பத்திலிருந்தும் வெளியேறுவோரின் பட்டியலையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பேணுவது நன்று.

இரு மாநில அலுவலர்களும் கலந்து பேசுவதும் இன்றியமையாதது. குழந்தையை அதன் இருப்பிடத்துக்கு மாற்றச் சட்டத்தின் 95ஆம் பிரிவு வழிவகுக்கிறது. ஆனால் இடுக்கியில் வளர்ந்து தேனியில் வேலை தேடும் இளைஞரைப் பின்தொடர்வது, இரு மாவட்ட அலுவலர்களின் அன்றாடத் தொடர்பினாலேயே இயலும். கோயம்புத்தூர், பாலக்காடு அலுவலர்களுக்கும் இது பொருந்தும்.

ஓர் இல்லத்தின் வெற்றியை, அங்குள்ள குழந்தைகளின் எண்ணிக்கையையும் தேர்வு முடிவுகளையும் கொண்டு மட்டும் அளவிடுதல் முழுமையாகாது. அங்கிருந்து வெளியேறியவர் மூன்று ஆண்டுகளுக்குப் பின் எங்கு வாழ்கிறார், எதைக் கற்றிருக்கிறார், நோயுற்றால் யாரை அழைக்கிறார் என்ற வினாக்களுக்குப் பதிவேட்டில் விடை இருக்கவேண்டும். அவ்விடையை எழுதும் பொறுப்பை ஏற்கும் நாளில்தான், பதினெட்டாவது பிறந்தநாள் எல்லைப்புற இளைஞர்களுக்கும் மற்றொரு நாளாக அமையும்.